ஏற்காட்டு மனையும் கழிப்பறைத் தொட்டியும்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் ஆயிரம் சதுர அடி வீட்டில் கணவர், மாமியார், மகள், நான் என நால்வர் வசிக்கிறோம். சுற்றுச்சூழலுக்குச் சுமையாக இல்லாமல் எளிமையாக வாழ வேண்டும் என்று ஓராண்டுக்கு முன் முடிவு செய்தேன். பிளாஸ்டிக் டப்பாக்களை எடைக்குப் போட்டுவிட்டுக் கண்ணாடிச் சாடிகளும் எவர்சில்வர் தூக்குகளும் வாங்கினேன். மூங்கில் பல்துலக்கி, செம்புக் குடம், துணிப்பைகள், மொட்டைமாடிக்கு உரத்தொட்டி என்று ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் செலவாகிவிட்டது. உரத்தொட்டி நாறுகிறது, புழுவும் வைத்துவிட்டது. மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு 620 யூனிட்டில் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் போட்டு 1,000 லிட்டர் மாடித் தொட்டியை நிரப்புகிறோம். குடிப்பதற்கு மாநகராட்சி தரும் மேட்டூர்த் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டுகிறோம். மாடியில் விறகு அடுப்பு வைக்கலாமா, சூரியத் தகடு போடலாமா என்றும் யோசனை. "நாங்க இதையெல்லாம் பேர் வைக்காமலே செஞ்சோம்" என்று மாமியார் சிரிக்கிறார். நகரத்தில் இருந்துகொண்டு எளிமையாக வாழ முடியாது, ஏற்காட்டில் பத்து சென்ட் வாங்கிச் சிறு வீடு கட்டி வார இறுதிகளிலாவது இயற்கையோடு இருக்கலாம் என்கிறார் கணவர். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

வாங்கிய பொருள்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மோட்டாரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வீடுகளின் நீர்ச் செலவையும் மின்செலவையும் கணக்கெடுத்துச் சொல்வது என் தொழில் என்பதால், என் கண் அந்த ஒரு வரியில்தான் நின்றது. நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 2,000 லிட்டர் என்றால் ஆளுக்கு 500 லிட்டர் ஆகிறது. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் போதும் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக்கு 540 லிட்டர், அதாவது தொட்டியில் பாதிக்குச் சற்று மேல், போதுமானது. மூங்கில் பல்துலக்கி வாங்கும் அளவுக்கு அக்கறை உள்ள நீங்கள் மீதி 1,460 லிட்டரை வேண்டுமென்றே கொட்டியிருக்க மாட்டீர்கள். அது உங்களுக்குத் தெரியாமல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

இத்தகைய வீடுகளில் நான் பார்த்த வரையில் இரண்டு இடங்களில்தான் தண்ணீர் போகும். ஒன்று, மோட்டாரைத் தொட்டியின் தேவைக்குப் போடாமல் கடிகாரத்தின் பழக்கத்துக்குப் போடுவது. மாலையில் சுவிட்சைத் தட்டும்போது தொட்டி உண்மையில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று என்றாவது ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? நிரம்பி வழியும் நீர் பல வீடுகளில் மழைநீர்க் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்விடுவதால் கீழே இருப்பவர் எவருக்கும் தெரிவதில்லை. இரண்டாவது, கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி. அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் உப்புத் தண்ணீரில் கெட்டித்துப் போனால், பீங்கானின் பின்சுவரை ஒட்டிக் கண்ணுக்குப் படாத மெல்லிய படலமாக இரவு பகலாக நீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு ஃபிளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து விடுங்கள். மஞ்சள்தூள் சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும் என்பதால் அது இதற்கு உதவாது. அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருந்து, பிறகு பீங்கானில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அடைப்பானை மாற்ற வேண்டும். சிறு தொகையில் முடிந்துவிடும் வேலை அது. இரண்டாவதாக, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் ஒரு குச்சியால் அளந்து குறித்துக்கொண்டு, விடியற்காலையில் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் வீட்டில் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

தண்ணீரை முதலில் சொன்னதற்குக் காரணம், உங்கள் மின்கணக்கின் ஒரு பங்கும் அதற்குள்தான் இருக்கிறது. ஒன்றரைக் குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடினால் 2.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். செலவு 540 லிட்டராகக் குறையுமானால் அதே மோட்டாருக்கு 36 யூனிட் போதும். ஏறத்தாழ நூறு யூனிட்டை நீங்கள் இதுவரை சாக்கடைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மின்விசிறி. சேலத்துக் கோடையில் விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை விசிறி முழு வேகத்திலேயே 30 வாட் அளவில் ஓடும். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்தில் 110 யூனிட்டுக்கு மேல் குறையும். விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் விசிறியைத் தொட வேண்டாம். அது தன் ஆயுள் முடியும் வரை ஓடட்டும். எதையும் வாங்காதீர்கள் என்று பின்னால் சொல்லப்போகிறவன் விசிறி வாங்கச் சொல்கிறேனே என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். தினமும் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும் பொருளை மாற்றுவது வேறு. அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும் டப்பாவை மாற்றுவது வேறு என்பதுதான் அவருக்கு என் பதில்.

இவ்விரண்டையும் செய்தால் 620 ஏறத்தாழ 410 ஆகும். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது பணம், யூனிட் குறைந்த அளவைவிட அதிகமாகக் குறையும். சூரியத் தகட்டை அதற்குப் பிறகு யோசியுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். 410 யூனிட் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். இன்றைய 620-ஐ நம்பி வாங்கினால் மூன்று கிலோவாட் வாங்குவீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டம், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தது. மானியம் கூடுகிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் தகடு மாட்ட வேண்டியதில்லை.

இனி டப்பாக்கள். எடைக்குப் போட்டது போட்டதுதான். அதற்காக வருந்த வேண்டாம். வீட்டில் எஞ்சியிருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களையாவது வெளியே அனுப்பாதீர்கள். சூடான குழம்பை அவற்றில் ஊற்றக் கூடாது. உளுந்துக்கும் வரமிளகாய்க்கும் சேலத்து ஜவ்வரிசிக்கும் அவை இன்னும் இருபது ஆண்டு உழைக்கும். ஏற்கெனவே செய்து முடித்த பொருளை உடையும்வரை பயன்படுத்துவதைவிடச் சுமை குறைந்த மாற்று எதுவும் கடையில் இல்லை. துணிப்பை விஷயத்தில் எனக்கு அறிவுரை சொல்லத் தகுதி இல்லை. என் சமையலறைக் கொக்கியில் பத்தொன்பது பைகள் தொங்குகின்றன. பெரும்பாலானவை கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள். ஒரு பருத்திப் பைக்காகச் செலவான தண்ணீரும் நூலும் சாயமும் ஈடாக வேண்டுமானால் அந்த ஒரு பையே நூற்றுக்கணக்கான முறை கடைக்குப் போய் வர வேண்டும். வண்டியின் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று இருந்தால் போதும். குப்பையைப் பொறுத்தவரை நான் பார்ப்பது, காயலான் கடைக்காரர் எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார் என்பதைத்தான். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் எடுத்துக்கொள்வார். ஓரத்தைத் துண்டாக நறுக்கி எறிந்தால் அந்தத் துண்டு எவர் கைக்கும் சேராமல் சாக்கடைக்குப் போகும், ஆகவே முனையை முழுவதும் அறுக்காமல் தொங்கவிட்டு வெட்டுங்கள். உள்ளே வெள்ளி பூசிய நொறுக்குத்தீனி உறையைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. மகளிடம் பேசிக் குறைக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

உரத்தொட்டி நாறுவதற்குக் காரணம், அதில் ஈரம் மட்டுமே விழுகிறது என்பதுதான். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் தாமாகவே நீர் விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது நடுவில் காற்று நுழைய இடமில்லாமல் போகிறது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள்தான் அந்த நாற்றத்தை உண்டாக்குகின்றன. காற்றோட்டத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு வரை கரிச்சத்து வேண்டும்; சமையலறைக் கழிவில் தழைச்சத்து மிகுதி, சருகில் கரிச்சத்து மிகுதி. ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகைப் போட்டு மூடுங்கள். தெருவோரத்து வேப்பிலையும் புங்க இலையும் சீக்கிரம் மக்கும். மாவிலை தடிப்பானது, எளிதில் மக்காது. சாக்கில் கட்டி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, சாக்கோடு மிதித்து நொறுக்கினால் அதுவும் உதவும். உங்கள் தெருவில் காலை வேளைகளில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர்கள் இருந்தால் உங்களுக்குச் சருகுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் ஒரு சாக்கைக் கொடுத்து வையுங்கள்.

தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளை இருக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் வைக்காமல் படிக்கட்டுக்குக் கீழே நிழலில் வைக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டுமே தவிரச் சொட்டக் கூடாது. தொடக்கத்தில் ஒரு கை பழைய எருவோ சாணிக்கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் வேலை விரைவில் பிடிக்கும். வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனை வந்துவிடும். எலும்பு, மீன்கழிவு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை அதில் போட வேண்டாம். புழுவைப் பற்றி மாமியாருக்கு அருவருப்பு இருப்பது இயல்பே. தட்டையாக, கனமாக, பழுப்பேறியிருக்கும் புழு என்றால் அது கழிவைத் தின்று தீர்க்கும் ஒரு வகை ஈயின் புழு, கடிக்காது. எந்தப் புழுவாக இருந்தாலும் சருகைக் கூட்டினால் ஒரு வாரத்தில் எண்ணிக்கை குறைந்துவிடும்.

அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய காலத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் அதில் சேர, மாலையில் பால்காரர் வந்து மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். உரத்தொட்டிக்குத் தேவையே எழவில்லை. மாடு வைத்திருப்பவர் கன்னங்குறிச்சிப் பக்கம் யாராவது இன்னமும் உங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறாரா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். தலைக்கு அரப்பு, பாத்திரத்துக்குத் தேங்காய் நார், மிஞ்சிய சோற்றுக்கு நீர் ஊற்றி மறுநாள் பழையது என்ற அவருடைய வழக்கங்களுக்கு நீங்கள் எந்தக் கடையிலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். விறகு அடுப்பு அப்படிப்பட்டது. அதன் புகையில் உள்ள நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் பெண்களின் நுரையீரலைத் தலைமுறை தலைமுறையாகக் கெடுத்தன. எரிவாயுவை மிச்சப்படுத்த, பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள். உருளை மாட்டிய தேதியை நாள்காட்டியில் எழுதி வைத்து, அடுத்தது எத்தனை நாள் கழித்து மாட்டப்படுகிறது என்று பாருங்கள். மாடியில் விறகு வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். அது உப்பு மிகுந்த தண்ணீருக்கான கருவி. ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வை அனுமதிக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது. காவிரி நீரில் உப்பு பொதுவாகக் குறைவு. பழுது பார்க்க வருபவரிடம், இயந்திரத்தில் இருந்து வரும் நீரை மட்டும் அளக்காமல் உள்ளே போகும் நீரையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். 500-க்குக் கீழே இருந்தால் புற ஊதாக் கதிர் வடிகட்டி போதும். காய்ச்சிக் குடிப்பதும் நல்லதே, ஆனால் நாளுக்கு 5 லிட்டர் காய்ச்சினால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எரிவாயு அதற்கே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இயந்திரம் இருக்கும்வரை அதன் கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள். செடிக்கு ஊற்ற வேண்டாம்.

மழைநீர்க் குழியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழிகள் பல வீடுகளில் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. சேலத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. கோடை மழையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் என்ற கணக்கில், உங்கள் ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 67,000 லிட்டர் கிடைக்கும். நாளுக்கு 2,000 லிட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு அது 33 நாள் தண்ணீர். 540 லிட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு நான்கு மாதத் தண்ணீர். மே மாதம் முடிவதற்குள் குழியைத் திறந்து, மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் ஏற்காட்டு யோசனைக்கு வருகிறேன். அவருடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. மே மாதத்து அழகாபுரத்தில் இருந்துகொண்டு 1,500 மீட்டர் உயரத்துக் குளிரை நினைக்காதவர் யார்? ஆனால் அதை எளிமைக்கான வழி என்று சொல்லும்போது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறுநூறு சதுர அடியில் சிறு வீடு என்றே கொள்வோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பது கட்டுமானத்தில் வழக்கமாகப் போடும் கணக்கு. மொத்தம் 240 மூட்டை, 12,000 கிலோ. ஒரு கிலோ சிமென்ட் உருவாகும்போது அறுநூறு கிராமுக்குக் குறையாமல் கரியமிலவாயு வெளியாகிறது. ஆக சிமென்டுக்கு மட்டும் ஏழு டன்னுக்கு மேல். இன்றைய அளவிலேயே நீங்கள் ஓராண்டுக்குச் செலவழிக்கும் 3,720 யூனிட் மின்சாரத்துக்கு, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால், சுமார் 2.6 டன். கம்பியும் செங்கல்லும் மணலும் கணக்கில் வராமலே, வீடு நிற்பதற்கு முன் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு மின்சாரத்தின் சுமை தலையில் ஏறிவிடுகிறது. பிறகு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும் அறுபது கிலோமீட்டர் பயணத்துக்குக் காரில் ஐந்து லிட்டர் பெட்ரோல் என்றால், மாதம் நான்கு வார இறுதிக்கு இருபது லிட்டர், 46 கிலோ கரியமிலவாயு. வீட்டில் ஒரு முழு எரிவாயு உருளை எரிந்தால் வருவது ஏறத்தாழ 42 கிலோதான்.

மலையின் பக்கம் நின்று பார்த்தாலும் இதே விடைதான் வருகிறது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறை. நீர் பாறை இடுக்குகளிலும் மேலே உளுத்த மண்படிவத்திலும்தான் தங்கும். 1820களிலிருந்து அங்கே காபி பயிராகிறது. காபிக்கு நிழல் தரும் மரங்களின் வேர்தான் சரிவைப் பிடித்து வைத்து மழையை மெதுவாக உள்ளே இறங்கச் செய்கிறது. பத்து சென்ட்டைச் சமப்படுத்த முதலில் வெட்டப்படுவது அந்த மரங்கள். அங்கிருந்து கரையும் மண் திருமணிமுத்தாற்றின் வழியே நம் நகரத்துக்குத்தான் இறங்கி வரும்.

அவர் உறுதியாக இருந்தால், ஏற்கெனவே கட்டிய வீடு ஒன்றில் ஆண்டுக்கு இரண்டு வாரம் வாடகைக்குத் தங்குங்கள். பேருந்திலேயே போய் வரலாம். அப்படியும் மனை வாங்கியே தீருவார் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஏப்ரல் கடைசியில், கோடை மழை இறங்காத ஒரு வாரத்தில், அந்த இடத்துக்கு அவரோடு போங்கள். மனைத் தரகரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம், இந்த மாதத்தில் உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரி என்றால் வாரத்துக்கு எத்தனை லாரி, ஒன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மலைப்பகுதியில் கட்டடம் எழுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், அது கிடைத்த தாளையும் காட்டச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் வீட்டின் அடுத்த மின்கணக்கும் எடுத்திருப்பார்கள். கேசரிப் பவுடர் சோதனையில் தெரிந்ததையும் அந்தப் புதிய யூனிட் எண்ணையும் எழுதி அனுப்பினால், தகடு எத்தனை கிலோவாட் என்பதைச் சரியாகச் சொல்கிறேன்.